ஜப்பானியப் பள்ளியில் உதவி ஆங்கில ஆசிரியர்: முதல் சில மாதங்கள்

ஜப்பானில் ஏ.எல்.டி. வேலை, அதாவது அரசுப் பள்ளியில் உதவி ஆங்கில ஆசிரியர் வேலை, உறுதியானவர்கள் கிளம்புவதற்கு முன் பாடத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். படஅட்டை, ஸ்டிக்கர், விளையாட்டுச் சாமான் என்று பெட்டியில் பாதி அதற்கே போய்விடுகிறது. வகுப்பறை சில வாரம் காத்திருக்கும். முகவரிப் பதிவு காத்திருக்காது. முகவரி பதிவாகாமல் வங்கிக் கணக்கு கிடையாது, கணக்கில்லாமல் சம்பளம் வராது, இரண்டும் இல்லாதவருக்குப் போன் இணைப்பு கிடைப்பதும் கஷ்டம். எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது என்ற வரிசை தெரிந்தவர் இரண்டே வாரத்தில் நிமிர்ந்துவிடுவார். தெரியாதவர் இரண்டு மாதம் கையிருப்புப் பணத்தில் ஓட்டுவார். பள்ளிக்குள்ளேயும் இதே போல ஒரு வரிசை உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

வேலை மூன்று வழியில் வருகிறது. வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு அழைத்துவர ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் போனால் உங்கள் முதலாளி ஒரு நகராட்சி அல்லது மாகாண நிர்வாகம். விமானச் சீட்டு, அறிமுகப் பயிற்சி, வீடு பிடிக்க உதவும் ஆள் எல்லாம் பெரும்பாலும் ஏற்பாடாகிவிடும். 2025 ஏப்ரல் முதல் இதில் முதலாண்டுச் சம்பளம் ஏறத்தாழ 40.2 லட்சம் யென், நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் 43.2 லட்சம். இரண்டாவது வழி, உள்ளூர்க் கல்வி வாரியம் நேரடியாக எடுப்பது. மூன்றாவது, தனியார் நிறுவனம் வேலைக்கு எடுத்துப் பள்ளிக்கு அனுப்புவது. இதில் சம்பளம் குறைவு. பள்ளி விடுமுறை மாதங்களில் அதிலும் வெட்டு விழும் ஒப்பந்தங்கள் உண்டு.

மூன்றாவது வழியில் போகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் இரண்டு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும். ஒன்று, 'ஷகாய் ஹோக்கன்' எனப்படும் ஊழியர் காப்பீடும் ஓய்வூதியமும் உண்டா? வாரம் 29.5 மணி நேரம் என்று எழுதி இதிலிருந்து நழுவுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 2024 அக்டோபர் முதல் 51 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், வாரம் 20 மணி நேரம் வேலை செய்கிறவர்களையும் சேர்க்க வேண்டும். எனவே "எங்களிடம் அது கிடையாது" என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டாம். இரண்டு, அந்த நிறுவனத்துக்கும் பள்ளிக்கும் இடையில் இருப்பது ஆள் அனுப்பும் ஒப்பந்தமா, வேலையை மொத்தமாக ஒப்படைக்கும் 'உகெயோய்' ஒப்பந்தமா? உகெயோய் என்றால் பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக வேலை உத்தரவு தர சட்டப்படி இடமில்லை. "இந்தப் பக்கத்தை இப்படி நடத்துங்கள்" என்று வகுப்புக்குள் சொல்வதுகூட வில்லங்கமாகலாம். இரண்டு பேர் சேர்ந்து பாடம் நடத்தும் வேலையில் இது எத்தனை சங்கடம் என்பது போன பிறகுதான் உறைக்கும்.

கிளம்புமுன் பெயர்

தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது அந்த இடம் காலியாக இருக்கும். விசாவுக்கு முன் ஜப்பானிலிருந்து வாங்க வேண்டிய தகுதிச் சான்றிதழ், விசா, குடியிருப்பு அட்டை மூன்றும் பாஸ்போர்ட்டை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்பவை. குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அட்டையில் ஒற்றைப் பெயர்தான் வரும். பிறகு இணையத்தில் நிரப்பும் படிவங்கள் பலவும் இரண்டு பெயர் கேட்டு மறித்து நிற்கும். திருத்துவதாக இருந்தால் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிட வேண்டும். நடுவில் மாற்றினால் எல்லாத் தாள்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும்.

அப்பா பெயர் குடும்பப் பெயராக இருப்பவர்களை, பள்ளியில் அந்தப் பெயரோடு, ஆசிரியர் என்று பொருள்படும் 'சென்செய்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். கார்த்திக் போயிருப்பார், வருகைப் பதிவேட்டிலும் பெயர்ப் பலகையிலும் சுப்ரமணியன் சென்செய் இருப்பார். உங்கள் பெயரால் அழைக்கப்பட விரும்பினால், பள்ளிக்கு முதல் கடிதமோ மின்னஞ்சலோ போகும்போதே சொல்லிவிடுங்கள். பெயர்ப் பலகை, காலணி அலமாரிச் சீட்டு, மேசைச் சீட்டு எல்லாம் நீங்கள் வருமுன்பே அடித்து வைத்திருப்பார்கள்.

வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் ஜப்பானிய எழுத்தான கடகானாவில் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்பதையும் ஒரே தடவை முடிவு செய்துவிட்டு, எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். ஜப்பானிய வங்கிகளில் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணோடு கடகானாப் பெயரும் ஒத்துப்போக வேண்டும். 'சுப்ரமணியன்' போன்ற பெயரைக் குறைந்தது மூன்று விதமாக எழுதலாம். வங்கியில் ஒரு விதமும் சம்பளப் படிவத்தில் இன்னொரு விதமும் இருந்தால் சம்பளம் திரும்பிப் போய்விடும். நீளமான நெடிலைக் காட்டும் சிறு கோடு ஒன்று விடுபட்டாலே போதும். பெயரைக் கடகானாவில் ஒரு தாளில் அச்சடித்து, போன புதிதில் அதைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது.

அட்டை, முகவரி, வங்கி, போன்

நரிட்டா, ஹனேடா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே 'ஸைர்யூ கார்டு' என்னும் குடியிருப்பு அட்டையைக் கையில் தருவார்கள். அதை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டம். போலீஸ் கேட்கும்போது இல்லையென்றால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்க முடியும். வீடு முடிவான நாளிலிருந்து 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகம் போய்க் குடியேறியதைப் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, வீட்டின் முழு முகவரி ஆகிய மூன்றும் போதும். முகவரியில் கட்டடப் பெயரும் அறை எண்ணும் விடுபடக் கூடாது. அட்டையின் பின்பக்கத்தில் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். அந்த வரி ஏறிய பிறகுதான் உங்கள் மற்ற வேலைகள் நகரும்.

அதே நாளில் அங்கேயே இன்னும் இரண்டு வேலையை முடித்துவிடலாம். 'ஜூமின்ஹ்யோ' என்ற குடியிருப்புச் சான்றை இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதிக்குச் சில நூறு யென்தான் ஆகும், வீட்டு ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், சில நேரம் பள்ளியிலும் கேட்பார்கள். ஊழியர் காப்பீடு இல்லாத வேலையென்றால் தேசிய மருத்துவக் காப்பீட்டில் அன்றே சேருங்கள். தள்ளிப்போட்டாலும், குடியேறிய நாளிலிருந்து கணக்குப் பார்த்துத்தான் சந்தா கேட்பார்கள். எந்தக் காப்பீடாக இருந்தாலும் மருத்துவமனையில் நீங்கள் கட்டுவது செலவில் 30 சதவீதம்.

பதிவு செய்து இரண்டு மூன்று வாரத்தில் 'மை நம்பர்' என்னும் 12 இலக்க எண் தபாலில் வரும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அடுக்குமாடி வீட்டின் தபால்பெட்டியில் பெயர் ஒட்டாமல் இருந்தால், தபால்காரர் அந்த வீட்டில் ஆளில்லை என்று கருதித் திருப்பி அனுப்பிவிடலாம். குடியேறிய அன்றே கடகானாவிலும் ஆங்கில எழுத்திலும் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். ஊருக்குப் பணம் அனுப்பும்போது இந்த எண்ணை வங்கியில் காட்ட வேண்டும், சம்பளக் கணக்குக்கும் வேண்டும்.

வங்கி என்றால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தபால் நிலையத்தில் உள்ள யூச்சோ வங்கிக்குத்தான் போகிறார்கள். எந்தச் சிற்றூரிலும் கிளை இருக்கும். வந்து ஆறு மாதம் ஆகாதவர்களை ஜப்பானில் குடியிருக்காதவர்களாகக் கருதிச் சில சேவைகளை மறுப்பதும் உண்டு. ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலை பார்ப்பவரை முதல் நாளிலிருந்தே குடியிருப்பவராகக் கருத விதியில் இடம் இருக்கிறது. அதனால் வேலை ஒப்பந்தத்தை, முடிந்தால் கல்வி வாரியத்தின் கடிதத்தையும் சேர்த்து, எடுத்துப் போங்கள். கையெழுத்தை ஏற்கும் கிளை உண்டு, முத்திரை கேட்கும் கிளையும் உண்டு. 'ஹன்கோ' என்ற அந்த முத்திரையைக் கடகானாப் பெயரில் செய்துகொள்ள ஒன்றிரண்டாயிரம் யென் போதும். வருகைப் பதிவேட்டில் முத்திரை குத்தும் பள்ளிகள் இன்னும் இருப்பதால் அது வீண் செலவாகாது.

வங்கி போன் எண் கேட்கும், போன் நிறுவனம் வங்கி அட்டை கேட்கும். இந்த முட்டுக்கட்டையை உடைக்க, குடியிருப்பு அட்டையும் ஊரிலிருந்து கொண்டுவந்த கிரெடிட் கார்டும் இருந்தால் சிம் தரும் மலிவு நிறுவனம் ஒன்றில் முதல் இணைப்பை வாங்குங்கள். குறுஞ்செய்தி வசதியும் குரல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் விற்கும் சுற்றுலா சிம்மில் டேட்டா மட்டுமே வரும், வங்கிக்கு அது உதவாது.

முதல் சம்பளம் வருவது மாதக் கடைசியில், அதுவும் வேலை செய்த நாளுக்கு மட்டுமாக இருக்கலாம். வீடு ஏற்பாடாகிவிட்டவர்கூட 2 லட்சம் யென்னுக்குக் குறையாமல் கையில் கொண்டுபோவது நல்லது. வீட்டைத் தானே பிடிக்க வேண்டியவருக்கு அது பற்றாது. முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத 'ரெய்கின்', ஒரு மாத வாடகை வரை தரகு, உத்தரவாத நிறுவனத்தின் கட்டணம், தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்தால் நான்கிலிருந்து ஆறு மாத வாடகை ஒரே நாளில் போகும். கிராமப்புறங்களில் ஆசிரியர்களுக்கென்று நகராட்சி கட்டிய பழைய வீடுகள் உண்டு, வாடகை மிகக் குறைவு. குளிர்காலத்தில் சுவரோரம் பூஞ்சை பிடிக்கும் என்றாலும், முதலாண்டுக்கு அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

வெறும் வீடு

ஜப்பானில் காலி வீடு என்றால் உண்மையிலேயே காலி. விளக்கு இருக்காது, கேஸ் அடுப்பு இருக்காது, திரைச்சீலையும் இருக்காது. மின்சாரத்தையும் தண்ணீரையும் போனிலோ இணையத்திலோ திறந்துகொள்ளலாம். கேஸுக்கு மட்டும் ஆள் நேரில் வந்து சோதித்துத்தான் திறப்பார், நீங்களும் வீட்டில் இருந்தாக வேண்டும். வெள்ளி மாலை குடிபோய் இதை மறந்தால், திங்கள் வரை பச்சைத் தண்ணீரில்தான் குளியல். அடுப்பு வாங்குமுன் வீட்டில் வருவது நகரக் குழாய் கேஸா, சிலிண்டர் புரோபேனா என்று கேளுங்கள். இரண்டுக்கும் அடுப்பு வேறு வேறு, மாற்றிப் பொருத்துவது ஆபத்து.

நம் வீட்டு மிக்ஸியைக் கொண்டுபோகலாமா என்பது தமிழர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட், நம்மூர் மிக்ஸி 230 வோல்ட். அப்படியே செருகினால் எரியாது, ஆனால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். அழுத்தத்தை ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 750 வாட் மிக்ஸி கிளம்பும்போது அதைவிட அதிகம் இழுக்கும் என்பதால் 1500 வாட் தாங்குவதாகப் பார்க்க வேண்டும், அது நல்ல கனம். சுவர்ச் செருகியின் வரம்பும் 1500 வாட்தான். பழைய வீட்டில் 20 ஆம்பியர் இணைப்பு என்றால், குளிர்சாதனமும் மைக்ரோவேவும் மிக்ஸியும் சேர்ந்து ஓடும்போது மொத்த வீடும் இருண்டுவிடும். இதைவிட எளிய வழி, அமெரிக்காவுக்கென்று செய்யப்படும் 110 வோல்ட் மிக்ஸியை வாங்கிப் போவது. 100 வோல்ட்டில் கொஞ்சம் சக்தி குறையும், சட்னிக்குப் போதும், இட்லி மாவுக்கு உளுந்து ஆட்ட நேரம் பிடிக்கும். ஜப்பானின் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60 ஹெர்ட்ஸ் என்பதால், ஒரு பகுதியில் வாங்கிய பழைய சாமானை மறு பகுதிக்கு எடுத்துப் போகும்போது பின்பக்கச் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்பைக்கு ஊர்தோறும் தனி விதி. பல ஊர்களில் நகராட்சி அச்சிட்ட பைதான் செல்லும், அதைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். குறிப்பிட்ட கிழமையில், பொதுவாகக் காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். தவறாகப் பிரித்த பையில் சிவப்புச் சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுப்போவார்கள். சிற்றூரில் அது யார் பை என்பது எல்லோருக்கும் தெரியும், பேச்சு பள்ளி வரை வந்து சேரும். நகராட்சியில் பதிவு செய்யும் நாளிலேயே குப்பை அட்டவணையைக் கேட்டு வாங்கிவிடுங்கள், பல ஊர்களில் ஆங்கிலத்திலும் வைத்திருக்கிறார்கள்.

பேருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை வரும் ஊரில் போட்டால் கார் வேண்டியிருக்கும். இந்தியாவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்பாட்டின்படி வழங்கப்படுவது, ஆகவே ஜப்பானில் செல்லும். ஜப்பானும் இடது பக்கம் ஓட்டும் நாடு என்பது பெரிய நிம்மதி. அந்த அனுமதி செல்வது அதிகபட்சம் ஓராண்டு, அதற்குள் ஜப்பானிய உரிமத்துக்கு மாற்ற வேண்டும். இந்திய உரிமம் வாங்கிய பிறகு இந்தியாவில் மூன்று மாதமாவது இருந்ததை நிரூபிக்கப் பழைய பாஸ்போர்ட் கேட்பார்கள், அதையும் எடுத்துப் போங்கள். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வில் 50 கேள்வி, 90 சதவீதம் சரியாக வேண்டும்.

பள்ளிக்குள்

முதலில் ஜோடுகள். பள்ளி வாசலில் வெளிக் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போடத் தனிக் காலணி வேண்டும். வெள்ளை அல்லது கறுப்பு, தரையில் கோடு விழாத அடிப்பாகம், மாடிப்படியில் வழுக்காதது. 28 செ.மீ.க்கு மேற்பட்ட பாதம் உள்ளவர்கள் ஊரிலிருந்தே வாங்கிப் போவது நல்லது, சிற்றூர்க் கடைகளில் கிடைக்காது. விருந்தாளிச் செருப்பில் முதல் வாரத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், நாலு வகுப்புக்குப் படியேறினால் காலைவிட்டுக் கழன்று விழும்.

இனி அந்த வரிசை. ஆசிரியர் அறைதான் முதலில், வகுப்பறை அதற்கு அடுத்ததுதான். 'ஷொகுயின்ஷித்சு' என்ற அந்தப் பெரிய அறையில் எல்லா ஆசிரியர்களுக்கும் மேசை ஒரே கூடத்தில். தலைமையாசிரியர் தனி அறையில் இருப்பார். அன்றாட விவகாரம் எல்லாம் நடுவில் உட்கார்ந்திருக்கும் துணைத் தலைமையாசிரியர் 'கியோதோ சென்செய்' கையில். விடுப்பு, தாமதம், காய்ச்சல் எதுவானாலும் அவரிடம் சொல்ல வேண்டும். காலையில் நுழையும்போது எல்லோருக்கும் கேட்கும்படி 'ஒஹாயோ கொஸாய்மாஸ்', கிளம்பும்போது 'ஒசாகி நி ஷித்சுரெய் ஷிமாஸ்'. ஜப்பானியம் இவ்வளவுதான் தெரியும் என்றாலும், இதைத் தினமும் உரக்கச் சொல்கிறவருக்கு அந்த அறையில் இடம் கிடைத்துவிடும். முணுமுணுத்துவிட்டுப் போகிறவர் நல்ல ஆங்கிலம் பேசினாலும் விலகியே நிற்பார்.

சுவரில் உள்ள கரும்பலகையில் அன்றைய பாடவேளை மாற்றங்களை எழுதி வைத்திருப்பார்கள். விளையாட்டு விழா ஒத்திகை, மருத்துவப் பரிசோதனை, நிலநடுக்கப் பயிற்சி எல்லாம் அதில்தான் இருக்கும், யாரும் உங்களிடம் வந்து சொல்லமாட்டார்கள். தேதி, பாடவேளை, மாற்றம், ரத்து ஆகியவற்றுக்கான காஞ்சி எழுத்துகளை (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகளை) படிக்கக் கற்றுக்கொண்டாலே, வராத வகுப்புக்குப் படியேறிப் போவது நின்றுவிடும்.

ஜப்பானிய ஆங்கில ஆசிரியரோடு பாடத்தைத் திட்டமிடப் பத்து நிமிடம் கிடைப்பது அபூர்வம். அவருக்கு வகுப்பு ஆசிரியர் பொறுப்பும் மாலையில் கூடைப்பந்துக் குழுவும் சேர்ந்தே இருக்கும். "பேச நேரம் இருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக "ஆம்" என்பார், பிறகு நேரம் வராது. இதற்கு நன்றாக வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. அரை ஏ4 தாளில் மூன்று கட்டம் போடுங்கள். எந்தப் பக்கம், நான் என்ன செய்கிறேன், எத்தனை நிமிடம். முதல் நாள் மாலையே பென்சிலில் உங்கள் யோசனையை நிரப்பி அவர் மேசையில் வைத்துவிடுங்கள். அவர் நடந்துபோகும்போதே திருத்தித் திருப்பித் தருவார். பென்சிலில் எழுதுவது முக்கியம், பேனாவில் எழுதியதைத் திருத்தப் பலர் தயங்குவார்கள்.

சட்டப்படி வகுப்பின் பொறுப்பு உரிமம் பெற்ற ஆசிரியருடையது. பாடம், மதிப்பெண், ஒழுங்கு மூன்றும் அவருடையவை. அவர் வராத நாளில் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால், இன்னொரு ஆசிரியர் வகுப்பில் இருக்க வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால் கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும். மாணவர்களைப் படம் எடுப்பது, அவர்களோடு சமூக ஊடகத்தில் தொடர்பு வைப்பது, வகுப்புப் படத்தை எங்கேயாவது போடுவது ஆகியவை அறவே கூடாது.

தொடக்கப் பள்ளியில் பாடவேளை 45 நிமிடம், நடுநிலைப் பள்ளியில் 50. 2020 ஏப்ரலிலிருந்து 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் மதிப்பெண்ணோடு கூடிய பாடம், ஆண்டுக்கு 70 பாடவேளை. 3, 4-ஆம் வகுப்புகளில் 35 பாடவேளை, கேட்பதும் பேசுவதும்தான், மதிப்பெண் கிடையாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் 3-ஆம் வகுப்புப் பிள்ளையை எழுத்துக்கூட்டி எழுதச் சொன்னால், வகுப்பாசிரியர் சங்கடத்தோடு சிரிப்பார்.

ஐந்தாம் வகுப்புப் பாடவேளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வணக்கமும் தேதியும் வானிலையும் மூன்று நிமிடம். பிறகு நீங்களும் வகுப்பாசிரியரும் அன்றைய வாக்கிய அமைப்பை வைத்து ஒரு சிறு உரையாடல், மூன்று நிமிடம். இங்கே வகுப்பாசிரியருக்கு ஆங்கிலம் தடுமாறினால் நல்லதுதான், பிள்ளைகள் கூர்ந்து கவனிப்பார்கள், "நாமும் தப்பாகப் பேசலாம்" என்ற தைரியம் வரும். அவரை நடுவில் திருத்தாதீர்கள். புதுச் சொற்கள் எட்டு, பத்துக்கு மேல் வேண்டாம், படஅட்டையோடு பத்து நிமிடம். கரும்பலகை இரும்புத் தகடு என்பதால் காந்தம் ஒட்டும். ஏ4 அளவில், பின்வரிசைக்குத் தெரியும்படி செய்து லாமினேட் பண்ணிவிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் போகிறவருக்கும் அதே தொகுதி போதும். அடுத்து, இருவர் இருவராகக் கேட்டுப் பதில் சொல்லும் பயிற்சி பதினைந்து நிமிடம். மிச்சத்தில் எழுத்துப் பயிற்சியும், கடைசி ஐந்து நிமிடம் அன்று கற்றதை மாணவர் தானே எழுதும் 'ஃபுரிகாயேரி'யும். இந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை உங்கள் விளையாட்டு தின்றுவிட்டால் வகுப்பாசிரியரின் மதிப்பீடே நின்றுபோகும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. விளையாட்டின் விதியை விளக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் அந்த விளையாட்டு அன்றைக்கு வேண்டாம். விதியைச் சொல்வதற்குப் பதில் ஆசிரியரும் நீங்களும் ஒரு தடவை விளையாடிக் காட்டுங்கள்.

"கேள்வி இருக்கிறதா?" என்று மொத்த வகுப்பைக் கேட்டால் அமைதிதான் பதில். "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். முப்பது பேர் முன்னால் தனியாகத் தப்பாகப் பேசும் பயம் அந்த அமைதியில் இருக்கிறது, அது உங்கள் மேல் உள்ள அலட்சியம் இல்லை. பக்கத்திலிருப்பவரோடு முப்பது வினாடி பேசவிட்டுப் பிறகு கேளுங்கள், கை உயரும். ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்புவதாக இருந்தால் பெயர் சரியாக வர வேண்டும். ஒலியைக் காட்டும் கானா எழுத்தில் பெயர் எழுதிய இருக்கை வரைபடத்தை வகுப்பாசிரியரிடம் கேட்டால் உடனே பிரதி எடுத்துத் தருவார். சத்தமில்லாத பிள்ளையின் பெயரை முதல் வாரத்திலேயே சரியாகச் சொல்லிவிட்டால், எந்த விளையாட்டும் தராத பலன் அதில் வரும்.

நம் உச்சரிப்பைப் பற்றிய தயக்கமும் தமிழர்களிடம் இருக்கிறது. பாடநூலின் ஒலிப்பதிவு அமெரிக்க உச்சரிப்பில் இருக்கும். உங்களுடையதை அழித்துக்கொள்ளத் தேவையில்லை, உலகம் பல விதமாக ஆங்கிலம் பேசுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதற்காகவும்தானே உங்களை எடுத்திருக்கிறார்கள். ஆனால் சில இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'எலெவன்' என்பதை 'யெலெவன்' என்பது, 'வி'யையும் 'டபிள்யூ'வையும் ஒன்றாக ஒலிப்பது, 'டி'யை நாக்கை மடித்து அழுத்துவது ஆகிய மூன்றும் கேட்டு எழுதும் தேர்வில் பிள்ளையின் மதிப்பெண்ணைத் தின்னும். வேகத்தைக் குறைக்கச் சொன்னால் ஒவ்வொரு சொல்லையும் இழுக்க வேண்டாம். சொற்றொடர்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் போதும், ஆங்கிலத்தின் இயல்பான தாளம் கெடாது. எழுத்துக்கூட்டலும் அமெரிக்க முறைதான். கரும்பலகையில் எழுதுமுன் பாடநூலை ஒரு பார்வை பாருங்கள்.

பள்ளி மதிய உணவு 'கியூஷொகு' வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுவது, சுமார் இருபது நிமிடம். சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும், சூப்பிலும் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். எது எது கூடாது என்று தனித்தனியாக, ஜப்பானியத்தில், தாளில் எழுதிக் கொடுங்கள்: மாட்டிறைச்சி, பன்றி, கோழி, மீன், மீன் சாறு, முட்டை. மாதம் தவறாமல் மூலப்பொருள்களோடு உணவுப் பட்டியல் ஒன்று வரும். அதில் சாப்பிட முடியாத நாளைக் குறித்து அன்று மட்டும் டப்பா கொண்டுவரலாம், அல்லது மாதம் முழுவதும் நிறுத்திவிடலாம். கட்டணம் மாத வாரியாகக் கணக்காவதால் மாதத் தொடக்கத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். எதுவாயினும் வகுப்பில் போய் உட்காருங்கள். பிள்ளைகள் தானாக வாய் திறப்பது அந்த இருபது நிமிடத்தில்தான்.

அடுத்த ஆண்டு

தொடர்கிறீர்களா என்ற கேள்வி குளிர்காலத்திலேயே வந்துவிடும். பதில் சொல்லுமுன் தெரிய வேண்டிய கணக்கு இரண்டு. ஒன்று குடியிருப்பு வரி. ஜனவரி 1-ஆம் தேதி எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர், முந்தைய ஆண்டு வருமானத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வரி போடும். ஜூனிலிருந்து பிடிப்பார்கள். முதலாண்டில் அது இல்லாததால் சம்பளம் தாராளமாகத் தெரியும், அடுத்த ஆண்டு அதே சம்பளத்தில் கையில் வருவது குறையும். நடுவில் ஊர் திரும்பினாலும் மிச்ச வரியைக் கட்டித்தான் போக வேண்டும்.

மற்றது ஓய்வூதியம். சம்பளத்தில் 9.15 சதவீதம் உங்களிடமிருந்தும் அதே அளவு முதலாளியிடமிருந்தும் போகிறது. ஆறு மாதமாவது கட்டியவர்கள் நாடு திரும்பிய பிறகு இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம், இப்போதைக்கு ஐந்தாண்டு வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதில் 20.42 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும். கிளம்புமுன் ஜப்பானில் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்து, வரி அலுவலகத்தில் படிவம் கொடுத்துவிட்டால் அந்த வரியையும் திரும்பக் கேட்க முடியும். சக ஆசிரியர் ஒருவர் போதும், சிறப்புத் தகுதி தேவையில்லை. இந்தியாவில் வருங்கால வைப்புநிதித் திட்டத்தில் தொடர்கிறவர்கள் அவசரப்பட வேண்டாம். 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியா-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு உடன்பாட்டின்படி இரு நாட்டுக் காலத்தையும் ஓய்வூதியத் தகுதிக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். மொத்தத் தொகையை வாங்கிவிட்டால் ஜப்பானில் கட்டிய காலம் அந்தக் கணக்கிலிருந்து அழிந்துவிடும். விண்ணப்பத்தோடு ஓய்வூதிய எண்ணும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள் என்பதால், ஓய்வூதியப் புத்தகத்தையோ எண் உள்ள அறிவிப்பையோ கிளம்பும்போது பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.